புதைந்த வெடியைக் கண்டுபிடிப்பது எப்படி?

மண்ணுக்குள் இருக்கும் வெடியை மெட்டல் டிடெக்டர் காட்டிக்கொடுக்காதா? உள்ளே போதிய இரும்பு இருந்தால் காட்டும். ஆனால் பல கண்ணிவெடிகளின் உறை பிளாஸ்டிக். உலோகம் என்று ஊசியோ சிறு ஸ்பிரிங்கோதான். கருவியின் கூர்மையைக் கூட்டினாலோ, துருப்பிடித்த ஆணிக்கும் அது கத்தும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சிப்பாய் உயிரைப் பணயம் வைத்து மண்ணைக் கிளற வேண்டும்.

எனவே உறையை விட்டு உள்ளிருக்கும் வெடிமருந்தையே தேடுவதுதான் சரி. 1993 குண்டுவெடிப்புகளில் மும்பையைச் சிதைத்த ஆர்.டி.எக்ஸ் என்ற வெடிமருந்தின் எடையில் சுமார் 38 சதவீதம் நைட்ரஜன். மண்ணுக்குள் நியூட்ரானைச் செலுத்தினால், நைட்ரஜன் அணுக்கரு அதை விழுங்கி 10.8 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரை வெளியிடும். இது நைட்ரஜனின் கையொப்பம். சிக்கல் மணலில் இருக்கிறது: சிலிக்கானும் 10.6 அளவில் மங்கலான கதிர் தரும். இரண்டையும் பிரித்தறிய நேரம் பிடிக்கும். கனடா ராணுவம் இந்த முறையை வண்டியில் பொருத்தியது. பெரிய டாங்கி எதிர்ப்பு வெடிகளுக்கு அது உதவும், காலால் மிதிபடும் சிறிய வெடிகளுக்குக் கடினம். செம்பூரை ஒட்டிய டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையமும் நியூட்ரான் கொண்டு வெடிமருந்தை அறியும் ஆய்வில் ஈடுபட்டிருக்கிறது.

1993 குண்டுவெடிப்புகளின்போது மும்பை போலீசுக்குக் கைகொடுத்தது கருவி அல்ல, ஜஞ்சீர் என்ற லாப்ரடார் நாய். அது கண்டுபிடித்துத் தந்த ஆர்.டி.எக்ஸ் மூவாயிரம் கிலோவுக்கும் மேல். ஆர்.டி.எக்ஸ் அநேகமாக ஆவியாவதே இல்லை. அதோடு கலந்த கரைப்பான்களின் வாசனையைத்தான் நாய்கள் பெரிதும் பிடிக்கின்றன. ஆனால் நாய் களைத்துப்போகும், வெயிலில் தடுமாறும். எனவே சிப்பாய் கையில் தூக்கிச் செல்லும் அளவுக்கு நியூட்ரான் கருவியைச் சுருக்குவதற்கு நம் ஆய்வுக்கூடங்கள் முன்னுரிமை தர வேண்டும்.