கெட்டிக்கார ஊழியர் நல்ல மேலாளர் ஆவாரா?

ஒரு குழுவில் யார் வேலையில் கெட்டிக்காரரோ, பெரும்பாலும் அவருக்குத்தான் மேலாளர் பதவி தேடி வருகிறது. ஆனால், பதவி ஏறிய சில மாதங்களிலேயே அவர் திணறத் தொடங்குவதைப் பல அலுவலகங்களில் பார்க்கலாம். அதுவரை தன் வேலையை முடித்தால் போதும். இப்போது பத்துப் பேரை வேலை செய்ய வைக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு திறமைகள்.

மேலாளரே வேண்டாம்!

கூகுள் நிறுவனம் 2002-ல் ஒரு சோதனை செய்தது. பொறியாளர் குழுக்களுக்கு மேலாளர்களே தேவையில்லை என்று அந்தப் பதவியை எடுத்துவிட்டது. செலவுக் கணக்கில் சந்தேகமா, சக ஊழியரோடு மனத்தாங்கலா, எல்லாவற்றுக்கும் ஊழியர்கள் நிறுவனர் லாரி பேஜிடமே போய் நின்றார்கள். சில மாதங்களிலேயே சோதனை கைவிடப்பட்டது.

கடைசி இடம் எதற்கு?

சில ஆண்டுகள் கழித்து, நல்ல மேலாளர் என்பவர் யார் என்று கண்டறிய 'புராஜெக்ட் ஆக்ஸிஜன்' என்ற ஆய்வை அதே நிறுவனம் நடத்தியது. ஊழியர்களின் கருத்துகளையும் பணி மதிப்பீடுகளையும் அலசி, 8 பண்புகளைப் பட்டியலிட்டது. குழுவினருக்கு நல்ல பயிற்சியாளராக இருப்பது முதலிடம் பிடித்தது. பொறுப்பைக் கொடுத்துவிட்டுத் தொட்டதற்கெல்லாம் தலையிடாமல் இருப்பது, குழுவினரின் நலனில் அக்கறை காட்டுவது ஆகியவை அடுத்து வந்தன. தொழில்நுட்ப அறிவுக்குக் கிடைத்தது கடைசி இடம்!

பழக வேண்டியவை

* திருத்தாமல் கற்றுக்கொடுப்பது: ஊழியர் தரும் அறிக்கையில் பிழை இருந்தால், தானே திருத்திவிடுவது மேலாளருக்குச் சுலபம். ஆனால், அடுத்த மாதமும் அதே பிழை வரும். கால் மணி நேரம் உடன் உட்கார்ந்து காட்டினால், அந்த வேலை ஊழியருக்கே கைவந்துவிடும்.

* தனியே பேசுவது: வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் சிறிது நேரம் பேசலாம். அதில் மேலாளர் பேசுவதைவிடக் கேட்பது அதிகமாக இருக்க வேண்டும்.

* குறையைத் தனிமையில் சொல்வது: "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்பது மனத்தைப் புண்படுத்தும். "செவ்வாய்க்கிழமை அனுப்ப வேண்டிய பட்டியல் வியாழன்தான் வந்தது, என்ன சிக்கல்?" என்று கேட்டால் வழி பிறக்கும்.

இவை பிறவிக் குணங்கள் அல்ல. குறைவான மதிப்பீடு பெற்ற மேலாளர்களுக்குப் பயிற்சி அளித்தபோது, அவர்களில் 75 சதவிகிதம் பேரிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்ததாகக் கூகுள் சொன்னது. புதிதாகப் பதவி ஏற்று, 'நமக்கு இது ஒத்துவராதோ' என்று கலங்குபவர்களுக்கு இது நல்ல செய்தி.