கீரிமலை நீரும் மோட்டார் வண்டியின் மேற்பூச்சும்

நீராடுதல் உடலுக்குத் தூய்மை தரும். ஆயினும் எந்நீரில், எம்முறையில் ஆடுதல் வேண்டும் என்பதை நம் முன்னோர் வரையறுத்தே வைத்தனர். கீரிமலைத் தீர்த்தத்தில் மூழ்கிக் கீரிமுகம் நீங்கப்பெற்ற நகுல முனிவரையும், குதிரைமுகம் மாறப்பெற்ற மாருதப்புரவீகவல்லியையும் பற்றிய ஐதிகங்கள் யாவரும் அறிந்தவை. மனிதர் மேனிக்கு இத்துணைச் சிறப்புடையதாகப் போற்றப்படும் இந்நிலத்து நீர், மோட்டார் வண்டியின் மேனியாகிய வண்ணப்பூச்சின்மேல் என்ன செய்கின்றது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். ஆடி அமாவாசையிற் பிதிர்க்கடன் ஆற்றவும் நகுலேஸ்வரப் பெருமானை வழிபடவும் வண்டிகளில் வருவோர் பலராதலின், இவ்வாராய்ச்சி வீண்முயற்சி ஆகாது.

ஒருகாலத்தில் யாழ்ப்பாணத் தெருக்களில் மிகுதியாய் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வண்டிகளில் நிறப்பூச்சே மேற்படையாகவும் இருந்தது. அது மங்கியபோது மெருகுப்பசை கொண்டு தேய்ப்பர். மேற்பகுதி கழன்று உள்ளிருந்த நிறம் ஒளிபெறும். இக்காலத்து வண்டிகளிலோ நிறப்படையின்மேல் நிறமற்ற தெளிபடை ஒன்று உண்டு. அடிப்பூச்சு முதல் தெளிபடை ஈறாக யாவுஞ் சேர்ந்த தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவே. அத்தெளிபடையைக் காத்தற்கே காப்புப்பூச்சு இடப்படுகின்றது. பிரேசில் நாட்டிற் பனைக்குடும்பத்தைச் சேர்ந்த கார்னோபா மரத்தின் இலைகளிலிருந்து எடுக்கப்படும் மெழுகு அவற்றுட் பழையது. செயற்கைப் பல்பகுதியப் பூச்சு அடுத்தது. சிலிக்கனீரொட்சைட்டை அடிப்படையாகக் கொண்டு ‘செராமிக்’ என வழங்கப்படும் பூச்சுப் புதியது.

இப்புதிய பூச்சு ‘9எச்’ வன்மையுடையது என விளம்பரப்படுத்துவர். அதனைக் கேட்போர், கல்லாலும் கீற முடியாத கவசம் என்று மயங்குதல் கூடும். அவ்வெண் பென்சிற் கூரினாற் கீறிப் பார்க்கும் சோதனைக்குரியது. கனிப்பொருள்களின் வன்மையை அளக்கும் மோவின் அளவுத்திட்டம் வேறு. அத்திட்டத்தில் 7 என்னும் வன்மையுடைய குவார்ட்சு மணல் எத்தகைய காப்புப்பூச்சையும் கீறவல்லது. பூச்சின் தடிப்போ சில மைக்கிரோமீற்றருக்கு மேற்படுவதன்று. ஆதலின் காப்புப்பூச்சு அழுக்கு இறுகப் பற்றாமற் செய்யுமேயன்றிக் கழுவுவோனின் கவனக்குறைவைப் பொறுக்காது.

கீரிமலைக்குச் சென்று மீளும் வண்டியை மூன்று பகைகள் தொடர்கின்றன. வாடைக்காலத்தில் வடகடலிலிருந்து எழும் திவலைகள் உப்பைப் படியச் செய்கின்றன. சோளகக்காற்று புழுதியையும் மணலையும் கொணர்கின்றது. மூன்றாவது பகை கழுவும் நீரிலேயே மறைந்துள்ளது. குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. காங்கேசன்துறையில் 1950 இல் நிறுவப்பட்டு 1990 இல் இயக்கம் நின்ற சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளானதும் இக்கல்லே. மழைநீர் காபனீரொட்சைட்டைக் கொண்டு நிலத்துட் செல்லுங்கால் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது கரைக்கின்றது. கரைந்தது கல்சியம் இருகாபனேற்றாக நீரிலே தங்குகின்றது. இதுவே வன்னீர். வண்டியின்மேல் தங்கிய துளி வெயிலில் உலர்ந்தால் கல்சியங் காபனேற்று வெண்வட்டமாக எஞ்சும். காப்புப்பூச்சு நீரை மணிமணியாகத் திரளச் செய்வதால், துடையாது விடின் ஒவ்வொரு மணியும் ஒரு வட்டத்தை விட்டுச் செல்லும். அழகெனக் கருதும் பண்பே ஈண்டுக் குறையாகி விடுகின்றது.

இப்பகைகளை உணர்ந்தால் கழுவும் முறை தானே விளங்கும். புதிதாகப் பூச்சிட்ட வண்டியை, அஃது இறுகுதற்குச் செய்தோர் குறித்த நாட்கள் கழியும்வரை கழுவலாகாது. பின்னர்க் கழுவுங்கால் வண்டியை நிழலில் நிறுத்தி, உலோகம் சூடாறிய பின்னரே தொடங்குதல் வேண்டும். முதலிற் கை படாமல் நீரை மட்டும் ஊற்றி உப்பையும் மணலையும் அகற்றுக. காப்புப்பூச்சு மூடாத அடிப்பாகத்தையும் சில்லு வளைவுகளையும் மறவற்க. உப்பினால் துருவேறுவது பெரும்பாலும் அங்கேதான். அடுத்து இரு வாளிகள் வேண்டும். ஒன்றில் நடுநிலையான, அஃதாவது பீ.எச். பெறுமானம் 7 அளவிலுள்ள, வண்டிக்குரிய ஷாம்பூக் கரைசல்; மற்றதில் வெறும் நீர். நுண்ணிழைத் துணியைக் கரைசலில் தோய்த்துக் கூரையிலிருந்து கீழ்நோக்கி மெல்லத் துடைத்து, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் நீரில் அலசிய பின்னரே மீண்டும் கரைசலில் இடுக. சில்லுகளுக்குத் தனித் துணி வேண்டும். குளியற் சவர்க்காரம் வன்னீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து கரையாத கசடாகப் படியும். உடுப்புத் துவைக்கும் தூளின் காரம் மெழுகை அகற்றும். ஆகவே இரண்டையும் விலக்குக.

இறுதியில் நன்கு அலசி, உலரு முன்னரே தூய துணியால் நீரை ஒற்றி எடுத்தல் இன்றியமையாதது. மாரியிற் கூரையிலிருந்து சேமித்த மழைநீர் மென்னீராதலின், கடைசி அலசலுக்கு அதுவே சிறந்தது. வெண்வட்டம் விழுந்துவிடின் சுரண்டுதல் தவறு. வினாகிரியுடன் சம அளவு நீர் கலந்து, துணியால் ஒற்றிச் சிறிது நேரத்துள் நன்கு அலசினால், அசற்றிக்கமிலம் காபனேற்றைக் கரைத்துவிடும். நாட்பட்ட வட்டமாயின் பூச்சையே அரித்திருக்கலாம். அதனை மெருகிட்டுப் போக்குங்கால் காப்புப்பூச்சும் உடன் போகும்.

இவற்றினும் முதன்மையான ஒன்றுண்டு. கழுவிய நீர் எங்கே செல்கின்றது? ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத நம் குடாநாட்டுக்கு நிலத்தடி நீரே உயிர். மேலுள்ள மண்படை பல இடங்களில் மெல்லியது. அதன்கீழுள்ள சுண்ணாம்புக்கல்லோ வெடிப்புகளும் குடைவுகளும் நிறைந்தது. மேலே ஊற்றிய அழுக்கு வடிகட்டப்படாமலே கிணற்றைச் சேர்தல் கூடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2015 ஆம் ஆண்டளவிற் பெருங்கவலை விளைவித்ததை நாம் மறத்தற்கில்லை. ஆகவே கேணிக்கரையிலோ கிணற்றடியிலோ வண்டி கழுவுதல் தகாது. அவற்றுக்குத் தொலைவில், புல் வளர்ந்த மண்தரையிற் கழுவுக. எந்திரத்தின் எண்ணெய்க் கசடைத் துடைத்தெடுத்து வேறாக அகற்றுக. நீரோடு நிலத்தில் விடற்க.

வண்டியின் பூச்சுக் கெடின் பொருள் கொடுத்து மீளப் பெறலாம். கல்லிடுக்கில் ஊறும் நீர் கெடின் அதனை விலைக்குத் தருவார் எவருமிலர். மேனியின் பொலிவைக் காக்க முயல்வோர், அப்பொலிவைத் தரும் நீரின் தூய்மையையும் உடன் காப்பாராக.