பேப்பர் சுற்றிய பாட்டில்கள்! விஸ்கி ரசிகர்களின் விசித்திரப் பரீட்சை

மேஜை மேல் 5 பாட்டில்கள். எல்லாவற்றுக்கும் பழைய செய்தித்தாள் சுற்றியிருக்கிறது. பெயர் தெரியாது. விலை தெரியாது. எந்த நாட்டுச் சரக்கு என்பதும் தெரியாது. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் முகர்ந்து பார்க்கிறார்கள். ஒரு வாய் குடிக்கிறார்கள். இரண்டு சொட்டு தண்ணீர் விட்டு மறுபடியும் முகர்கிறார்கள். பிறகு மார்க் போடுகிறார்கள்!

விஸ்கி ரசிகர்கள் கூடும் இடங்களில் நடக்கும் பரீட்சை இது. புனேயிலும் இந்த ரசனை பரவிவிட்டது. ஒருவர் "தேன் வாசனை" என்பார். இன்னொருவர் "இல்லை, உலர்ந்த திராட்சை" என்பார். "ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது" என்று மூக்கைச் சுளிப்பவரும் உண்டு. அவர் சொல்வதும் தப்பில்லை. ஸ்காட்லாந்தின் சில தீவுகளில், சதுப்பு நிலத்தில் வெட்டி எடுக்கும் பீட் கரியின் புகையில் பார்லியைக் காய வைப்பார்கள். அந்தப் புகை பாட்டில் வரை கூடவே வரும்.

பீப்பாய்க்குச் சீட்டு

இந்தப் பழக்கத்துக்குப் பேர்போன ஊர் எடின்பரோ. 1970களின் கடைசியில் அங்கே பிப் ஹில்ஸ் என்பவர் நண்பர்களைச் சேர்த்தார். நம் ஊரில் சீட்டுப் போடுவது போல ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ஒரு முழுப் பீப்பாய் விஸ்கி வாங்கிப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். 1983-ல் அதுவே ஒரு சங்கமாயிற்று. அந்தச் சங்கத்தின் பாட்டில்களில் தயாரித்த ஆலையின் பெயர் பெரிதாக இருக்காது. எண்தான் இருக்கும். பெயரைப் பார்த்து மயங்காமல் நாக்கை நம்பு என்பது கணக்கு.

பெயரை மறைப்பதால் அதிகம் லாபம் அடைந்தது நம் நாட்டுச் சரக்குதான். "ஸ்காட்ச் என்றால் கொக்கா?" என்று கேட்கும் ஊரில் இந்திய விஸ்கியை யார் மதிப்பார்கள்? பெங்களூர் அம்ருத் நிறுவனம் துணிந்தது. 1948-ல் ராதாகிருஷ்ண ஜக்தாளே தொடங்கிய நிறுவனம் அது. (ஜக்தாளே என்ற பெயர் புனேக்காரர்களுக்குப் புதிதல்ல.) பிரிட்டனில் பெயரைச் சொல்லாமல் குடிக்கக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார்கள். பிறகு 2004 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே தங்கள் சிங்கிள் மால்ட்டை விற்பனைக்கு விட்டார்கள். திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோன கதை!

முதலில் வியாபாரம் சுலபமாக இல்லை. ஆனால் விஸ்கிக்கு மார்க் போடுவதையே தொழிலாகக் கொண்ட ஜிம் மர்ரே, தன் 2010-ம் ஆண்டுப் புத்தகத்தில் அம்ருத் பியூஷனுக்கு 97 மார்க் கொடுத்து, உலகில் மூன்றாவது இடம் என்று எழுதினார். அப்புறம் கேட்க வேண்டுமா? அந்த விஸ்கியை வெளிநாடுகளில் விற்க அலைந்தவர்களில் ஒருவர் அசோக் சொக்கலிங்கம். பின்னாளில் அவரே அங்கு தலைமை வடிப்பாளர் ஆனார்.

தேவதைகளின் பங்கு

பீப்பாயில் கிடக்கும் விஸ்கி வருடா வருடம் கொஞ்சம் ஆவியாகும். ஸ்காட்லாந்துக்காரர்கள் அதை "தேவதைகளின் பங்கு" என்பார்கள். அந்தக் குளிரில் ஆண்டுக்கு 2 சதவிகிதம் போகும். பெங்களூர் வெயிலில் 10 சதவிகிதத்துக்கு மேல் போய்விடும்! நஷ்டம்தான். ஆனால் அதே வெயில் மரத்தின் சாரத்தைச் சீக்கிரம் இறக்கிவிடுகிறது. அங்கே பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்து கிடைக்கும் முதிர்ச்சி, இங்கே நாலைந்து வருடத்தில் வந்துவிடுகிறது. 2013-ல் 8 வருடச் சரக்கை வெளியிட்டபோது அதற்கு "பேராசைக்காரத் தேவதைகள்" என்று அம்ருத் பெயர் வைத்தது.

இனி நம் தெருமுனைக் கடைக்கு வருவோம். சம்பள நாளில் வாங்கும் குவார்ட்டரில் "விஸ்கி" என்றுதான் போட்டிருக்கும். உள்ளே இருப்பது என்ன? ஐரோப்பியச் சட்டப்படி விஸ்கி என்றால் தானியத்தில் வடித்து, மரப் பீப்பாயில் 3 ஆண்டாவது வைத்திருக்க வேண்டும். இங்கே விலை குறைந்த சரக்குகள் பலவற்றுக்கு மூலம் மொலாசஸ். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு! அதை வடித்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட்டும் மணமும் நிறமும் சேர்க்கிறார்கள். மராட்டியமோ கரும்புச் சீமை. புனே அருகே மாஞ்சரியில் 1975-ல் தொடங்கிய சர்க்கரை ஆராய்ச்சி நிலையம் இன்று வசந்த்தாதா பெயரில் நடக்கிறது. மொலாசஸிலிருந்து ஆல்கஹால் எடுக்கும் நுணுக்கமும் அங்கே பாடம்.

ஒரு வாயைக் கால் மணி நேரம் வைத்து ருசி பார்ப்பவருக்கு ஒரு பாட்டில் பல மாதம் வரும். குவார்ட்டரை ஒரே மூச்சில் கவிழ்ப்பவருக்கு ருசியும் தெரியாது, வீட்டில் அரிசிக்குப் பணமும் மிஞ்சாது. இரண்டையும் "குடி" என்ற ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம்.

மராட்டியத்தில் இன்னொரு சங்கதி உண்டு. 1949-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. சட்டப்படி விஸ்கி குடிக்க 25 வயது ஆகியிருக்க வேண்டும், பெர்மிட்டும் வேண்டும். ஒரு நாள் பெர்மிட் முதல் ஆயுள் பெர்மிட் வரை கிடைக்கும். கோவாவிலிருந்து ஆசையாகப் பாட்டில் வாங்கி வருபவர்கள் எல்லையில் கலால்காரர்களிடம் மாட்டிக்கொள்வதும் உண்டு.

அந்தப் பெர்மிட் எதற்காகத் தரப்படுகிறது தெரியுமா? உடல்நலத்தைப் பாதுகாத்துப் பேணுவதற்காக!