0.12 மில்லிமீட்டரின் விலை

நீளம் 600 மி.மீ., அகலம் 400 மி.மீ., கனம் 3 மி.மீ. உள்ள ஒரு பிளைவுட் தாளை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முகம் மறுமுகத்தைவிட 0.12 மி.மீ. நீண்டுவிட்டால் நடுப்பகுதி 3 மி.மீ. எழும்பிவிடும். 600 மி.மீ. நீளத்தில் 0.12 மி.மீ. என்பது 0.02%. வளைவு நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே 0.02% வேறுபாட்டில் 300 மி.மீ. துண்டு 0.75 மி.மீ. மட்டுமே எழும்பும். 600 மி.மீ. தாளின் கனம் 6 மி.மீ. ஆனால் வளைவு 1.5 மி.மீ. ஆகக் குறையும்.

இந்த 3 மி.மீ. தாளை வெட்டும் லேசருக்குப் பெரிய தொலைவு. 1964-இல் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். 6 மி.மீ. விட்டமுள்ள கற்றையை 50.8 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் குவித்தால், பிசிறில்லாத கற்றைக்கு, புள்ளியின் விட்டம் சுமார் 0.11 மி.மீ. குவியத்திலிருந்து 1 மி.மீ. விலகினால் விட்டம் 1.4 மடங்கு, 2 மி.மீ. விலகினால் 2.3 மடங்கு, 3 மி.மீ. விலகினால் 3.3 மடங்கு. கடைசி நிலையில் அதே சக்தி 10.6 மடங்கு பரப்பில் சிதறுகிறது.

விளைவு தாளைத் திருப்பினால் தெரியும். ஓரத்தில் வெட்டிய வடிவங்கள் தாமாகக் கீழே விழுந்திருக்கும். நடுவில் வெட்டியவை அடி அடுக்கின் கருகிய நாரில் தொங்கிக்கொண்டிருக்கும். விரலால் அழுத்தினால் நார் பிய்ந்து வரும். லேசரும் வேகமும் அவையே. மாறியது 3 மி.மீ. உயரம் மட்டுமே.

வளைவின் முதற்காரணம் ஈரம். பச்சை மரம் முற்றிலும் உலரும்போது தேக்கு ஆண்டு வளையங்களின் போக்கில் 5.8%, ஆரத் திசையில் 2.5% சுருங்கும் என அமெரிக்காவின் மேடிசன் வனப்பொருள் ஆய்வகத்தின் கையேடு பட்டியலிடுகிறது. அமெரிக்க பாஸ்வுட்டுக்கு அவை 9.3%, 6.6%. சுருக்கம் ஏறத்தாழ 30% ஈரத்துக்குக் கீழே நிகழ்வதால், வளையப் போக்கில் ஒவ்வொரு 1% ஈர இழப்புக்கும் தேக்கு 0.19%, பாஸ்வுட் 0.31% குறுகும். 100 மி.மீ. அகலமும் 3 மி.மீ. கனமும் உள்ள பலகையில் இரு முகங்களுக்கிடையே 1% ஈர வேறுபாடு இருந்தால், தேக்கு 0.8 மி.மீ., பாஸ்வுட் 1.3 மி.மீ. குழியும். ஆரத் திசையில் அறுத்த தேக்கில் இது 0.35 மி.மீ. பிளைவுட்டில் குறுக்கடுக்கு இழுத்துப் பிடிப்பதால் அசைவு இதைவிடக் குறைவு. ஆனால் அங்கே 0.02% போதும்.

ஈரத்தைக் காற்று தீர்மானிக்கிறது. 30 டிகிரி செல்சியஸ் அளவில், காற்றின் ஈரப்பதம் 80% எனில் மரத்தின் ஈரம் சுமார் 16%-இல் நிலைபெறும்; 65% எனில் 12%; 50% எனில் 9%. மழைக்காலக் கிடங்கிலிருந்து குளிரூட்டிய அறைக்கு வரும் தாள் 7% வரை இழக்கலாம். அடுக்கின் உச்சியில் மூடாமல் கிடக்கும் தாள் மேல் முகத்தில் மட்டும் முதலில் ஈரத்தை இழக்கும். அதன்மேல் ஒரு கழிவுத் தாள் போட்டு வைத்தால் இரு முகங்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் உலரும்.

இந்த இழப்பைச் சமையலறைத் தராசிலேயே காணலாம். கன செ.மீ.க்கு 0.65 கிராம் அடர்த்தி எனக் கொண்டால், மேற்கண்ட தாளின் எடை 468 கிராம். 12% ஈரத்தில் அதிலுள்ள நீர் சுமார் 50 கிராம். 1% என்பது 4.2 கிராம். 16%-லிருந்து 9%-க்கு இறங்கும்போது எடை 29 கிராம் குறையும். அறையில் வைத்த தாளின் எடை இரண்டு நாள் தொடர்ந்து மாறாவிட்டால், அது அந்த அறைக்குப் பழகிவிட்டது என ஓரளவு நம்பலாம்.

ஏற்கெனவே வளைந்த தாளை அமர்த்தத் தேவைப்படுவது 600 கிராம். நெகிழ்வெண் ச.மி.மீ.க்கு 10,000 நியூட்டன் என வைத்தால், 3 மி.மீ. எழுச்சியைச் சமனாக்க நடுவில் 6 நியூட்டன் விசை போதும். முனைகள் எழும்பியிருந்தால் முனைக்கு 300 கிராம். தாள் 6 மி.மீ. கனமானால் அதே எழுச்சிக்கு 8 மடங்கு, அதாவது 4.9 கிலோ வேண்டும். எஃகு மேசையில் காந்தம் இதைச் செய்யும். அலுமினியத் தேன்கூட்டு மேசையில் கொக்கி முள்கள் வேண்டும். பிடியை விட்டதும் தாள் பழைய வளைவுக்குத் திரும்பும். ஆனால் அதிலிருந்து வெட்டிய 100 மி.மீ. துண்டில் எஞ்சுவது 36-இல் ஒரு பங்கு, 0.08 மி.மீ. மட்டுமே, 500 மி.மீ. துண்டில் 2.1 மி.மீ. எஞ்சும்.

இனி நேரக் கணக்கு. தாளுக்கு 10 மீட்டர் வெட்டு, நொடிக்கு 10 மி.மீ. வேகம் எனில் ஒரு தாளுக்கு 1,000 நொடி. நாளுக்கு 20 தாள் என்போம். ஒவ்வொன்றையும் பிடித்துக் கட்ட 120 நொடி வீதம் மொத்தம் 2,400 நொடி; 20-இல் 3 தாளாவது மறுவெட்டுக்குப் போனால்தான் அது நேரத்தில் கட்டுப்படியாகும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு தாளின்மேலும் எஃகு அளவுகோலை வைத்து இடைவெளி பார்க்க 10 நொடி, மொத்தம் 200 நொடி ஆகும். 1 மி.மீ.க்கு மேல் வளைந்த ஒரு தாளை மட்டும் கட்டினால் கூடுதலாக 120 நொடி. 320 நொடிச் செலவில் 1,000 நொடி மிஞ்சுகிறது.

நேரத்தில் தெரியாத கணக்கு ஒன்று உண்டு. நாளுக்கு ஒரு தாள், அதாவது 5%, பாழானால் 300 வேலை நாளில் 140 கிலோ மரம் குப்பைக்குப் போகும். மரம் வளர்ந்த ஆண்டுகளுக்கு ஈடாக நாம் கொடுக்க வேண்டியது நாளுக்கு 320 நொடியும் 600 கிராம் எடையும்.