மண்ணுக்குள் ஒரு பலிபீடம்

ரோம் நகரின் தேரோட்டத் திடலான சர்க்கஸ் மாக்சிமஸில், தரைக்கடியில் ஒரு பலிபீடம் புதைந்து கிடந்தது. கான்சஸ் என்ற கடவுளுக்கு உரியது அது. ஆகஸ்ட் 21 அன்று மண்ணை விலக்கி, புது விளைச்சலைப் பீடத்து நெருப்பிலிட்டு வழிபடுவார்கள். விழா முடிந்ததும் மறுபடி மூடிவிடுவார்கள். கான்சுவாலியா என்ற இந்த நன்றி விழாவில் குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் வேலை கிடையாது, பூச்சூட்டி நிறுத்துவார்கள். டிசம்பர் 15இலும் இதே விழா உண்டு.

பீடத்தை ஏன் புதைத்தார்கள்? ரோமானியர்களுக்கே தெரியவில்லை. ரகசிய ஆலோசனைகளின் கடவுள், அதனால் மறைவில் இருக்கிறார் என்றார்கள் சிலர். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி இதைக் குதிரைகளின் தெய்வமான நெப்டியூனின் விழா என்றார். ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸ், அண்டை இனத்தவரான சபைன்களின் பெண்களைக் கவர்ந்து சென்றது இந்த விழாவில்தான் என்றும் கதை உண்டு. விழா பழசாகிக் காரணம் மறந்துபோனால் கதைகள் முளைக்கத்தானே செய்யும்!

இவற்றைவிட நாட்காட்டி நம்பகமான சாட்சி. ஆகஸ்டில் கதிரடிப்பு முடிந்து தானியம் சேமிப்புக்குப் போயிருக்கும். நான்கே நாளில், 25ஆம் தேதி, வளத்தின் தெய்வமான ஆப்ஸுக்கு விழா. கான்சஸ் சேமித்த தானியத்தின் காவலர், அந்தக் காலத்தில் தானியத்தை மண்ணில் குழி தோண்டி வைத்திருக்கலாம், அதனால்தான் பீடமும் மண்ணுக்குள் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது.

தானியத்தைப் புதைத்தால் கெட்டுப்போகாதா? குழி உலர்ந்து, வாய் இறுக அடைபட்டிருந்தால் கெடாது. மணிகளும் அவற்றோடு உள்ளே போன வண்டுகளும் பூஞ்சைகளும் மூச்சுவிட்டே குழியிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. கார்பன் டை ஆக்சைடு நிறைகிறது. வண்டு செத்துவிடும், பூஞ்சை அடங்கிவிடும், தானியம் அப்படியே கிடக்கும்.

கி.மு. 37இல் வேளாண் நூல் எழுதிய வாரோ, திரேஸிலும் ஸ்பெயினிலும் இருந்த இத்தகைய குழிகளைப் பற்றிச் சொல்கிறார். அடியில் வைக்கோல் பரப்பி, ஈரமும் காற்றும் புகாமல் மூடினால் கோதுமை 50 ஆண்டும், தினை வகைத் தானியம் 100 ஆண்டுக்கு மேலும் தாங்குமாம். எண்ணிக்கையில் கொஞ்சம் பெருமை கலந்திருக்கலாம். ஆனால் அடுத்து அவர் தரும் எச்சரிக்கை முற்றிலும் உண்மை: குழியைத் திறந்த உடனே இறங்காதீர்கள், மூச்சுத் திணறிச் செத்தவர்கள் உண்டு. வண்டைக் கொன்ற அதே காற்றுதான் அவர்களையும் கொன்றது.

இன்று பூச்சிமருந்து இல்லாமல் தானியம் காக்க விற்கப்படும் காற்றுப்புகாப் பைகளும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன.