உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைக் கல்

கொழும்புத் தேசிய நூதனசாலை திறக்கப்பட்டது 1877 ஜனவரி 1ஆம் திகதி. திரியாய்ப் பக்கத்திலிருந்து பாடசாலைச் சுற்றுலா போகும் பிள்ளைகள் அங்கே கண்டி அரசரின் சிம்மாசனத்துக்கு முன்னால் நெடுநேரம் நிற்பார்கள். வரலாற்றுக்கு முந்திய காலக் கூடத்தில் கால் தரிக்காது. எலும்பும் கல்லும்தானே என்று நடந்துவிடுவார்கள். அந்தக் கூடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்த வாரம் இந்தத் துணுக்குகள்.

◆ 'வரலாற்றுக்கு முந்திய' என்றால் எழுத்து வருவதற்கு முந்திய. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க நாம் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. திரியாய்க் குன்றில், கிரிகண்டு சேய என்ற தூபிக்கு அருகே, பாறையில் ஒரு சாசனம் உண்டு. மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ கிரந்தம், காலம் ஏறத்தாழ 7ஆம், 8ஆம் நூற்றாண்டு. திரபுசக, வல்லிக என்ற வணிகர் பெயர்கள் அதில் இருக்கின்றன. அந்த வணிகரின் பெயர் நமக்குத் தெரியும், என்ன சாப்பிட்டார்கள் என்று தெரியாது. நூதனசாலைக் கூடத்து எலும்புக்கும் கல்லுக்கும் உரியவர்களான, குகையில் வாழ்ந்தவர்கள் விஷயத்தில் எல்லாம் தலைகீழ்: பெயர் ஒன்றுகூட இல்லை, சாப்பாட்டுப் பட்டியல் முழுதாகக் கையில் இருக்கிறது.

◆ அந்தப் பட்டியல் இதோ. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையிலும் குருவிட்டைக்கு அருகிலுள்ள பட்டதொம்பலென குகையிலும் கிடைத்தவை: குரங்கு, மந்தி, மலையணில், மர நத்தை, காட்டு ஈரப்பலா, சிங்களத்தில் 'கெக்குன' எனப்படும் மரத்தின் கொட்டை. மழைக்காட்டில் ஆதிமனிதர் பிழைத்திருக்க முடியாது என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் நினைத்தார்கள். மர உச்சியில் தாவித் திரியும் குரங்கை வேட்டையாடியே இவர்கள் பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்தார்கள் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

◆ மரத்தில் இருக்கும் குரங்கை எப்படி வீழ்த்தினார்கள்? பாஹியன் குகையில் குரங்கு எலும்பைக் கூராக்கிச் செய்த முனைகள் கிடைத்தன. அவற்றில் சில அம்பு முனைகள், 48,000 ஆண்டுப் பழமை உடையவை என்று 2020இல் ஆய்வாளர் அறிவித்தார்கள். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லுக்கு அதைவிடப் பழைய சான்று அப்போது இருக்கவில்லை. 2023இல் பிரான்சின் மன்ட்ரின் குகை 54,000 ஆண்டுச் சான்றோடு முந்திக்கொண்டது. நாளை இன்னொரு குகை வரலாம்.

◆ இனி அந்த வெள்ளைக் கல். குவார்ட்ஸ். பெருவிரல் நகமளவுதான் இருக்கும். பிறை, முக்கோணம், சரிவகம் என்று வடிவம். அவசரப்படாமல் குனிந்து பாருங்கள்: ஒரு விளிம்பு கத்தி, எதிர் விளிம்பு வேண்டுமென்றே தட்டி மழுக்கியது. மழுக்கிய பக்கத்தை மரத்தண்டில் பொருத்துவதற்காக அப்படிச் செய்தார்கள். இத்தகைய நுண்கற்கருவி பனியுகம் முடியும் காலத்துக்கு உரியது என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. பாஹியன் குகையில் அது 45,000 ஆண்டுக்கும் முந்தியது. என்னைக் கேட்டால், சிம்மாசனத்தைவிட இந்தக் கல்லுக்குத்தான் கூடுதல் வெளிச்சம் போட வேண்டும்.

◆ மலைக் குகைக்குள் கடற்சிப்பி மணி! கடல் இருப்பதோ பல பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால். கரைக்குப் போய் வந்தார்களோ, கைமாறி வந்ததோ, அந்தக் காலத்திலேயே காட்டுக்கும் கடலுக்கும் போக்குவரத்து இருந்திருக்கிறது.

◆ இந்தக் குகைவாசிகளுக்குப் 'பலாங்கொடை மனிதன்' என்ற பெயரைத் தந்தவர் நூதனசாலைப் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல. ஆய்வை விரித்தவர் அவர் மகன் சிரான் தெரணியகல.

◆ நம் இரணைமடு உலகத் தொல்லியல் நூல்களில் இருக்கிறது, குளத்துக்காக அல்ல. சரளைப் படிவும் அதன்மேல் செம்மணலுமாக வறண்ட வலயக் கரையோரங்களில் கிடக்கும் படிவுக்கு 'இரணைமடு உருவாக்கம்' என்று பெயர். இதே வகைப் படிவில்தான் தெற்கே பத்திராஜவெலவில் ஏறத்தாழ 1,25,000 ஆண்டுப் பழமையான கற்கருவிகள் கிடைத்தன. கடலுக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடியின் தேரிச் செம்மணலிலும் நுண்கற்கருவிகள் உண்டு.

◆ தமிழகம் போகிறவர்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டியில் இறங்கலாம். தொல்பழங்காலத்துக்கென்றே அங்கே ஓர் அகழ்வைப்பகம் இருக்கிறது. அருகிலுள்ள அதிரம்பாக்கத்துக் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையானவை. நம் இனமான மனிதர் தோன்றுவதற்கு முன்பே வேறொரு மனித இனத்தின் கை தட்டிய கற்கள் அவை!

◆ மூதூர், வெருகல், வாகரைப் பகுதிகளில் தமிழ் பேசி, மீன்பிடித்து வாழும் வேடர் சமூகத்தை நமக்குத் தெரியும். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் கரையோர வேடருக்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. பலாங்கொடை மனிதரின் எலும்புகளை ஆராய்ந்த கென்னத் கென்னடி, அவர்களுக்கும் வேடருக்கும் உடற்கூற்றுத் தொடர்ச்சி இருப்பதாக எழுதினார். கண்ணாடிப் பெட்டியில் கிடப்பவர்களை 'அழிந்துபோன இனம்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

◆ இரத்தினபுரி நூதனசாலைக்குப் போனால் நீர்யானை, காண்டாமிருக எச்சங்களைத் தேடிப் பாருங்கள். இரண்டும் ஒரு காலத்தில் இலங்கையில் திரிந்தவை. மாணிக்கக் குழி வெட்டியபோது வெளிவந்தவை.

◆ ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவே நிலம், நடந்தே போய்வரலாம். அது கடலுக்குள் மூழ்கி ஏறத்தாழ 7,000 ஆண்டுதான் ஆகிறது. குச்சவெளி தாண்டித் திரியாய்க் கரையில் நின்று பாருங்கள். இப்போது அலை உடையும் இடம் அன்று மனிதர் நடந்த தரை.