இரண்டு கிலோமீட்டர் கயிறு, ஒரு முள்

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் கிஃபோர்ட் ஷாஃப்ட், ஒரே இறக்கமாக ஏறக்குறைய 2 கிலோமீட்டர் ஆழம். சுரங்கம் ஓடிய காலத்தில் ஆட்களை ஏற்றிய கூண்டு அதில் இறங்கும்போது, அதை இறக்கும் வைண்டிங் இன்ஜின் டிரைவருக்குக் கூண்டு கண்ணில் படாது. அவர் உட்கார்ந்திருப்பது தரைக்கு மேலே, இன்ஜின் ஹவுஸில். ஆழங்காட்டியின் முள், டிரம்மில் சுற்றிக் கழலும் இரும்புக் கயிறு, காதுக்கு மணி, இவ்வளவுதான் அவருக்குக் கிடைக்கும் தகவல்.

மணிக்குக் கணக்கு உண்டு. கூண்டு ஓடும்போது ஒரே அடி விழுந்தால் நிறுத்தியாக வேண்டும். ஏன் என்று விசாரிப்பதெல்லாம் அப்புறம். ஆட்கள் ஏறுகிறார்கள் என்பதற்கு வேறு அடி. கல்லை இழுக்கிற வேகத்தில் ஆளை இழுக்கக் கூடாதே!

முள்ளை அப்படியே நம்பிவிடவும் முடியாது. அவ்வளவு நீளக் கயிறு, கூண்டின் எடையைப் பொறுத்து ஓரிரு மீட்டர்கூட நீளும். ஆட்கள் இறங்கினால் சுருங்கும். அதனால் கயிற்றிலோ டிரம்மிலோ பெயின்ட் அடையாளம் போட்டு, முள்ளையும் அதையும் ஒத்துப் பார்ப்பார்கள். மேலேறும் கூண்டு ஷாஃப்டின் வாய்க்கு அருகே வந்ததும் எச்சரிக்கை மணி அடிக்கும். டிரைவர் வேகத்தைக் குறைக்காவிட்டால் ஒரு பாதுகாப்புக் கருவியே மின்சாரத்தைத் துண்டித்து பிரேக்கைப் போட்டுவிடும். இல்லையென்றால் கூண்டு ஷாஃப்டுக்கு மேலே நிற்கும் கோபுரத்தின் சக்கரத்தில் போய் மோதும்.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். கரண்ட் போனால் கூண்டு விழாதா என்று கேட்கத் தோன்றும். மின் வைண்டர்களில் பிரேக்கை இயல்பாகவே அழுத்திக்கொண்டிருப்பது எடைக்கல்லோ ஸ்பிரிங்கோ; அதைத் தூக்கிப் பிடிப்பதற்குத்தான் சக்தி வேண்டும். சக்தி நின்றால் பிரேக் விழும்.

இயந்திரத்துக்கு இப்படி முள்ளும் மணியும் வைக்க முடிந்தது. பாறைக்கு?

சுரங்கம் ஆழமாகப் போகப் போக, மேலிருந்த மலைச்சுமை தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவது தங்கவயலின் பெரும் பயமானது. 1978இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு அங்கே பாறை அதிர்வை உணரும் ஜியோஃபோன்களின் வலை விரித்தார்கள். பாறையில் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்; பக்கத்து ஜியோஃபோன் முந்தி உணரும், தூரத்தில் இருப்பது பிந்தி உணரும். அந்தச் சிறு இடைவெளியை வைத்தே எந்த மட்டத்தில் உடைந்தது என்று கணக்கிட்டார்கள். எங்கே உடைந்தது என்பதை இந்த வலை நன்றாகவே சொன்னது. அடுத்தது எப்போது என்பதை நேரம் குறித்துச் சொல்ல அதனால் முடியவில்லை. டிரைவருக்கு வாய்த்த அந்த முன்மணி, கீழே வேலை பார்த்தவர்களுக்கு வாய்க்கவில்லை.

1988இல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்களை மூடினார்கள். நீர் இறைப்பு நின்றதும் நிலத்தடி நீர் அந்தப் பொந்துகளில் ஏறியது. ஆளில்லாத சுரங்கத்தில் பாறை அதற்குப் பிறகும் அதிர்ந்தது, நிறுவனத்தின் கருவிகளும் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தன.